சூட்டில் மட்டும் ஒழுகும் கார்

மச்சான், இன்றைக்கும் உன் காரின் பொனற்றைத் தூக்கியதும் குங்கிலிய வாசம் முகத்தில் அடித்தது. கடலுக்குப் போன நீ திரும்பாத நாளிலிருந்து, எஞ்சின் சூடேறினால், உன் கையில் எப்போதும் இருந்த அந்த வாசம்தான். உன் மனிசி, என் தங்கச்சி, "அவர் வந்திட்டார் அண்ணை" என்று சிலுவை போட்டுக்கொள்வாள். பேய் பிசாசுக்குப் பயப்படாத எனக்கே, தள்ளாடிச் சந்திப் பக்கம் தனியே ஓட்டும்போது பின் சீற்றைத் திரும்பிப் பார்க்கத் தோன்றும்.

என்னைத் தெரியும்தானே. எட்டாம் வகுப்போடு நின்றாலும், தலைமன்னார் இறங்குதுறையில் நின்றபடி தூரத்துப் பேசாலையில் ஓடும் எஞ்சினின் வருத்தத்தைச் சத்தத்திலேயே சொன்னவன் நான். வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர் எனக்குத் தொப்பியைக் கழற்றினார். "தொப்பி காத்துக்குப் பறந்தது" என்று நீதான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாய்.

அப்படிப்பட்ட எனக்கு உன் காரின் ஒழுக்கு அகப்படவில்லை. ரேடியேட்டர் நிரம்ப விட்ட தண்ணீர் சிலாவத்துறை போவதற்குள் காலி. வீட்டில் ஆறவைத்துப் பார்த்தால் ஒரு சொட்டும் இல்லை. குழாய்களை மாற்றினேன். தண்ணீர்ப் பம்பைக் கழற்றிப் பூட்டினேன். தங்கச்சி களைத்துப் போனாள்.

"ஒவ்வொரு நாளும் தண்ணி கேக்கிறார் அண்ணை. என்னால ஏலாது. முள்ளிக்குளம் திருநாளுக்கு முதல் சரிவராட்டி பழைய இரும்புக்குக் குடுத்திடுங்கோ."

உனக்குக் கல்லறையும் இல்லை. இந்தக் கார்தான் இருந்தது.

அவள் அப்படிச் சொன்ன அன்று எஞ்சினை நிறுத்தாமல், கொதிக்கக் கொதிக்கக் குனிந்து மோந்து பார்த்தேன். எஞ்சினின் பின்பக்கச் சந்தில் தண்ணீரை மறிக்கும் ஒரு வட்டத் தகடு துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. நீ அதை வள்ளம் அடைக்கிற மாதிரியே பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைத்திருந்தாய். ஆறினால் இறுகும், சூட்டில் இளகி வழிவிடும். கடல்காரன் புத்தி!

ரோச் லைட் அடித்தேன். கருகி இறுகிய மேற்பக்கத்தில் உன் பெருவிரல் பதிந்திருந்தது, மீன்முள் கிழித்த தழும்போடு.

தங்கச்சியைக் கூப்பிட்டேன். எஞ்சின் ஆறும்வரை குனிந்து பார்த்தபடி நின்றாள். பிறகு கையை உள்ளே விட்டு, அந்தப் பள்ளத்தில் தன் விரலை வைத்தாள்.

"இதை எடுத்தால்தானோ சரிவரும்?"

"ஓம். சுரண்டிப்போட்டுப் புதுத் தகடு அடிக்கவேணும்."

"விடுங்கோ அண்ணை. தண்ணி விட்டு விட்டு ஓடுவம்."

திருநாளுக்கும் அப்படித்தான் போனோம். இப்போதும் ஒரு கான் தண்ணீர் என்னோடு வருகிறது. வழியில் நிறுத்தினால் ஓட்டோக்காரர்கள் கேலி செய்யாமல் விடமாட்டார்கள்.

"என்ன அம்மான், எஞ்சின் ராசா எண்டுறியள், உந்த ஒழுக்கு இன்னும் பிடிபடேல்லையோ?"

"பிடிபடேல்லையடா" என்கிறேன், மச்சான். நான், என் வாயால். சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கானைச் சரித்து, அவசரப்படாமல், நிரம்ப ஊற்றுகிறேன். எஞ்சின் மிஞ்சிச் சூடேறினால் உன் விரல் உருகிவிடும்.