கிழிக்காமல் நட்ட சவுக்கு

செய்யூர்
அக்டோபர் 6

அன்பு மகன் ஜோஷ்வாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையில் நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசுதான் பத்து நாளாகச் சரியில்லை. சூரத்தில் உனக்குச் சாப்பாடு, தூக்கம் எல்லாம் வேளைக்கு நடக்கிறது என்று நம்புகிறேன். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், காகிதத்தை அப்படி வைக்க முடியாது, அதனால் எழுதுகிறேன், முழுக்கப் படி.

போன வருஷம் உன் கம்பெனியின் மக்கும் பை என்று மூட்டை மூட்டையாக அனுப்பினாயே, அதில்தான் எங்கள் மகளிர் குழு சவுக்கு நாற்று போட்டது. எப்போதும் நடும்போது நாற்றின் பிளாஸ்டிக் கவரை பிளேடால் கீறி இடுப்பில் செருகிக்கொண்டு, வேலை முடிந்ததும் கட்டி வெளியே கொண்டுவருவோம், பரீட்சை லீவில் நீயும் கீறியிருக்கிறாய். இதற்கு அது வேண்டாம், பையோடு நடு, மூணு மாசத்தில் மண்ணோடு மண்ணாகிவிடும் என்று நீ சொன்னாய். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு எல்லாரிடமும் சொன்னேன். ஜெகதாம்பாள் அத்தை குத்தகைக்கு எடுத்த ஒரு ஏக்கரிலும் கார்த்திகையில் அப்படியேதான் நட்டோம்.

இப்போது அடித்த காற்றில் அந்தக் கொல்லையில் ஒரு வரிசை முழுக்கச் சாய்ந்துவிட்டது. அத்தை ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு நம் வாசலுக்கே வந்துவிட்டாள். பை போட்டது போட்டபடி இருக்கிறது ஜோஷ்வா, நிறம் மட்டும் வெளுத்திருக்கிறது, உள்ளே வேர் போக வழியில்லாமல் சும்மாடு மாதிரி சுற்றிக்கொண்டு கிடக்கிறது. அப்பா பார்த்துவிட்டுச் சோறு வேண்டாம் என்று எழுந்துபோய்விட்டார். எனக்கு உன்னைச் சந்தேகப்பட மனசு வரவில்லை. எருக்குழியைக் கிளறினேன், செத்த நாற்றோடு சித்திரையில் வீசின அதே பைகள் அங்கே கையில் எடுத்தாலே பிய்ந்து வருகின்றன, பாதிக்கு மேல் காணவே காணோம். இரண்டையும் எடுத்துக்கொண்டு அணுபுரத்தில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கிற சங்கரி டீச்சரிடம் போனேன். பை பொய்யில்லை, ஆனால் அதைத் தின்கிற கிருமிகளுக்குச் சூடும் ஈரமும் வேண்டும், குப்பையைக் குவித்தால் உள்ளே கை வைக்க முடியாமல் கொதிக்கிறதே, அந்தச் சூட்டில் சில மாசத்தில் மக்கும், நம் மணல் கொல்லையில் வருஷக்கணக்கில் கிடக்கும், கடலில் விழுந்தாலும் சீக்கிரம் போகாது என்றார். பையின் அடியில் பொடி எழுத்தில் இங்கிலீஷில் அதுவே அச்சடித்திருக்கிறதாம், அவர்தான் படித்துக் காட்டினார். விற்கிற உனக்கு அது கண்ணில் படவில்லையா.

அன்றைக்கே போன் செய்தேன். யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காதம்மா, இனிமே நட்றத கீறி நட்டா முடிஞ்சிச்சி, என் வேலைக்கு ஒல வச்சிடாத என்று சொன்னாய். கடற்கரைக் குப்பத்துக்கு என்று நாலாயிரம் நாற்று அதே பையில் வளர்ந்து நிற்கிறது, மழை தொடங்கினதும் நடவேண்டும். புயலுக்கு அந்தச் சவுக்கு நின்றால்தான் அங்கே கூரை நிற்கும். நான் வாயை மூடிக்கொண்டு எப்படி இருப்பேன். நேற்றுக் கோயிலுக்குப் போய்வந்த கையோடு குழுவைக் கூட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நாலாயிரத்தையும் கீறி நட ஒத்துக்கொண்டார்கள். அத்தை கொல்லையில் சுற்றின வேரைப் பிரிக்க முடியாது, பிடுங்கிவிட்டுப் புதுசாகத்தான் நடவேண்டும், அவளுக்கு ஒரு வருஷம் போனது போனதுதான். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவள் திட்டவில்லை. ரெஜினா, உம்புள்ள தெரிஞ்சி குட்தானா, தெரியாம குட்தானா, அத மட்டும் சொல்லு என்று கேட்டாள். பன்னிரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். தெரியாமல்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், பெற்றவள் எனக்கு அந்த ஒரு சொல் வரவில்லையப்பா. அதைத்தான் தாங்க முடியவில்லை.

நாளைக் காலையில் பிடுங்க ஆரம்பிக்கிறோம், அப்பாவும் வருகிறார். அவருடைய பி.பி. மாத்திரையை வேளைக்கு நான்தான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். நீ வெளிச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள், ஜெபம் பண்ணாமல் படுக்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் நாவையும் காப்பாராக. உனக்குத் தெரியாது என்றால் உன் கைப்பட எழுதி அனுப்பு, குழுவில் நான் வாசித்துக் காட்டுகிறேன். தெரியும் என்றால் எழுதாதே, ரயிலேறி வந்து அத்தை முன்னால் நின்று நீயே சொல், பக்கத்தில் நான் நிற்கிறேன்.

இப்படிக்கு
உன் அம்மா
ரெஜினா தாவீது