முக்காலி வைத்த ஞாயிறு

12 ஜனவரி 2025, ஞாயிறு

அஃப்ஸர் ஜஹானிடம் இன்று கேட்டேவிட்டேன். "ரிட்டையர் ஆனதும் ரெண்டு பேரும் என் வீட்லயே இருந்துக்கலாமா?"

இருபத்தாறு வருடமாக ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனி. அவள் தையல் மெஷினில், நான் செக்கிங்கில். அவளுக்கும் கணவர் இல்லை, எனக்கும் இல்லை. அவள் மகன் முஜாஹித் பெங்களூரில், என் மகள் பூர்ணிமா ஓசூரில். போன மாதம் சர்க்கரை இறங்கி நான் அடுப்படியில் அரைமணி நேரம் கிடந்தது யாருக்குத் தெரியும்? ஒருத்திக்கு ஒருத்தி இருந்தால் காலையில் சேர்ந்து நடக்கலாம். மாத்திரை போட்டாயா என்று கேட்க ஒரு குரல் இருக்கும்.

உடனே சரி என்றாள். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஏன்?

19 ஜனவரி, ஞாயிறு

வீட்டைப் பார்க்க வந்தாள். கேட்டிலிருந்து ஹால், ஹாலிலிருந்து படுக்கையறை, அங்கிருந்து பாத்ரூம். மூன்று தடவை நடந்தாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. எதையோ எண்ணுகிறாள். பீரோவைத் தடவிக்கொண்டே போனவள் சட்டென்று நின்று, "இந்த பீரோவ எடம் மாத்தமாட்டியே?" என்றாள்.

என் பீரோவில் இவளுக்கு இன்னா வேலை?

பூர்ணிமாவிடம் போனில் சொன்னேன். "அம்மா, வீட்டுப் பத்திரத்த எங்க வச்சிருக்க?" என்றாள். அதுவரை எனக்கு அந்த நினைப்பே இல்லை.

28 ஜனவரி, செவ்வாய்

அஃப்ஸர் அரைநாள் லீவு. பேரணாம்பட்டில் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். ஆனால் அவள் வேலூர் பஸ் ஏறியதை எங்கள் செக்கிங் ஹேமலதா பார்த்திருக்கிறாள். போன செவ்வாயும் இதே பேரணாம்பட்டு.

30 ஜனவரி

மெஷினையே விட்டுவிட்டாள். நூல் வெட்டுகிற மேஜையில் உட்கார்ந்திருக்கிறாள். கேட்டால் முதுகுவலி. மெஷின்காரி என்கிற மரியாதையை யாராவது தானாக விடுவார்களா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

2 பிப்ரவரி

பீரோவிலிருந்து பத்திரத்தை எடுத்து அரிசி டின்னுக்குள் வைத்தேன். சேர்ந்து இருக்கலாம் என்றது நிம்மதிக்காகச் செய்த ஏற்பாடு. இதுவா நிம்மதி?

9 பிப்ரவரி, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

காலையில் அஃப்ஸர் வந்தாள். அவள் ஹாலில் இருக்கும்போதே உள்ளே போய் பீரோவை ஒட்டி முக்காலியை வைத்தேன். பாத்ரூம் போகிறவளுக்கு அந்தப் பக்கம் வரவேண்டிய அவசியமில்லை. முக்காலி நகர்ந்திருந்தால் பீரோவிடம் போயிருக்கிறாள் என்று பிடித்துவிடலாம். அப்படிக் கணக்குப் போட்டு, "பால் வாங்கினு வர்றேன்" என்று கிளம்பினேன்.

திரும்பி வந்தால் முக்காலி கவிழ்ந்து, பீரோ ஓரம் அவள் தரையில் கிடந்தாள். வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "இது இங்க இல்லியே சந்திரா, அன்னிக்கு இங்க இல்லியே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி. எலும்பில் விரிசல், மாவுக்கட்டு. வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டபோது பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தாள். கண் மருந்துச் சீட்டு, வேலூரில் எழுதிக் கொடுத்தது. கண்ணில் பிரஷராம். ரெண்டு வருஷமாச்சாம்.

"நேரா பாத்தா நீ நல்லா தெரியற. பக்கத்துல, கீழ, ஒன்னும் தெரியல. போனது போனதுதானாம். மருந்து ஊத்தினே இருந்தா மிச்சம் நிக்குமாம்."

எண்ணியது காலடிகளை. பீரோவைத் தடவியது வழி பிடிக்க.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா உடனே கூப்புட்டிருப்பியா?"

முக்காலியைப் பற்றி நான் சொல்லவில்லை.

11 பிப்ரவரி

முஜாஹித் வந்திருக்கிறான். "ஆன்ட்டி, நீங்க மட்டும் இல்லன்னா அம்மா இன்னா ஆயிருப்பாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். இழுத்துக்கொண்டேன்.

13 பிப்ரவரி

சோறு இறங்கவில்லை. சர்க்கரை மட்டும் ஏறியிருக்கிறது.

16 பிப்ரவரி, ஞாயிறு

அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். "முக்காலிய நான்தான் வச்சேன். நீ பீரோவத் தொறக்கறியான்னு பாக்கறதுக்கு."

மாவுக்கட்டுக் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"இருவத்தாறு வருஷம் என் டிபன் பாக்ஸ்ல கைய வுட்டு சாப்ட்டவ நீ."

"நீயும்தான கண்ண மறைச்ச?" – வாய் முந்திக்கொண்டது. அதைச் சொல்லியிருக்கக் கூடாதோ? உண்மைதானே. ஆனால் அதுவும் இதுவும் ஒன்றா?

"போ சந்திரா" என்றாள். வந்துவிட்டேன்.

2 மார்ச்

நோன்பு ஆரம்பம். அஃப்ஸர் மகனோடு பெங்களூரில் இருக்கிறாள். போனை எடுப்பதில்லை. "நல்லதாப் போச்சும்மா, வுடு" என்கிறாள் பூர்ணிமா.

நல்லதா?

19 மார்ச்

தனியாக நடக்கப் போனேன். பாதியில் திரும்பிவிட்டேன்.

31 மார்ச்

ரம்ஜான். மனது கேட்காமல் மறுபடி போன் செய்தேன். எடுத்தாள். "மாத்திர போட்டியா?" என்று மட்டும் கேட்டாள். "போட்டேன்" என்றேன். வைத்துவிட்டாள்.

6 ஏப்ரல், ஞாயிறு

அஃப்ஸர் வந்துவிட்டாள். முஜாஹித் ஒரு டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போனான். பெங்களூரில் நாலாவது மாடியாம். பகலெல்லாம் பேச ஆளில்லையாம்.

"ஒரே பேஜாரா பூடுச்சி. அதான் வந்தேன். கோவம் இன்னும் போவல, இப்பவே சொல்லிட்டேன்."

பெட்டிக்குப் புதுப் பூட்டு போட்டாள். சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். "உன்மேல நம்பிக்க வர்ற வரைக்கும் இருக்கட்டும்."

"இருக்கட்டும்" என்றேன்.

சாயங்காலம் கண் மருந்து. அவள் மணிக்கட்டு இன்னும் சரியாக மடங்கவில்லை, நான்தான் ஊற்றவேண்டும். என் மடியில் தலை சாய்த்தாள். பாட்டிலில் இருக்கும் மருந்துப் பெயரைப் படித்துக் காட்டவா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இடது கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டாள்.