வாத்து வாய் திறந்தது

ஜூன் 3, செவ்வாய்

இன்றைய வேட்டை: இரண்டாம் மாடிப் படிக்கட்டுச் சுவரில் ஒரு வாத்து. ஜன்னல் மூலையில் கிளம்பும் விரிசல் வளைந்து கழுத்தாகி, பெயிண்ட் உரிந்த இடத்தில் தலையாகி, மெல்லிய மூக்காக முடிகிறது. தினமும் இந்தப் படியில் ஏறி இறங்குகிற ஒருத்தர் கண்ணிலும் படவில்லை, பாவம்.

துணியில் பூவேலை செய்ய டிசைன் இறக்குவதற்காக அம்மா பட்டர் பேப்பர் வைத்திருப்பாள். அதில் ஒன்றைச் சுட்டுக்கொண்டு போய், சுவரில் ஒட்டி, வாத்தைப் பென்சிலால் அப்படியே இறக்கினேன். பேப்பர் நகர்ந்தால் தெரிய அம்மா இரண்டு புள்ளி வைப்பாளே, அதே மாதிரி ஸ்விட்ச் பெட்டியின் இரண்டு திருகாணிகளையும் குறித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து வண்ணம் தீட்டி, கழுத்தில் ஒரு டை கட்டினேன். வாத்து வாத்தியார் ஆகிவிட்டது.

சேகரிப்பில் ஏற்கெனவே குளியலறை ஈரக்கறை ஒட்டகம், தண்ணீர்த் தொட்டித் துருவில் ஒரு தாடிக்காரர், கேட்டில் பெயிண்ட் உரிந்த கப்பல். நான் இதைக் கலை என்கிறேன். அம்மா களை என்கிறாள். பிடுங்கி எறிய வேண்டுமாம்.

ஜூன் 8, ஞாயிறு

வாத்தியாருக்கு இன்னொரு பிரதி எடுக்கலாம் என்று பழைய பேப்பரைச் சுவரில் வைத்தேன். புள்ளி இரண்டும் சரி. கழுத்து சரி. மூக்கு பொருந்தவில்லை. சுவரில் அது இரண்டு கோடாகப் பிரிந்து கிடக்கிறது. போன தடவை கை நழுவியிருக்கும். புதிதாக ஒன்று இறக்கித் தேதி போட்டு வைத்தேன்.

ஜூன் 12, வியாழன்

கை நழுவவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எடுத்ததும் பொருந்தவில்லை. வாத்து வாயைத் திறந்துகொண்டே வருகிறது. பென்சில் முனை உள்ளே போகிறது. முன்பு போகவில்லை – போகவில்லைதானே? மூன்றாவதாக ஒன்று இறக்கினேன். இதற்கும் தேதி போட்டேன்.

வாத்துக்கு நேர் கீழேதான் கீழ்வீட்டு அக்கா, ஜன்னல் காற்று வருமென்று குழந்தையைத் தள்ளுவண்டியில் போட்டு வைப்பாள். இன்று வண்டியை மெல்ல எதிர்ப்பக்கம் நகர்த்தினேன். திரும்பி வரும்போது பழைய இடத்திலேயே இருந்தது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

ஜூன் 13, வெள்ளி

கட்டடத்தின் செகரட்டரி மாமாவிடம் சொன்னேன். யாரிடம் சொல்லக் கூடாதோ அவரிடமே சொல்லியாக வேண்டிய நிலைமை.

போன மாதம் அவர் வீட்டு வாசல் சுவரில் மேலிருந்து கீழ்வரை பென்சிலால் ஒரு விரிசல் வரைந்துவிட்டேன். நிழலெல்லாம் போட்டு, நல்ல வேலை. அவர் அலறிப் புடைத்துக்கொண்டு கொத்தனாரை வரவழைக்க, கொத்தனார் கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்தார், அழிந்துவிட்டது. கட்டடமே சிரித்தது, அவரைத் தவிர. இன்று பழிக்குப் பழி வாங்கினார்.

"அன்னைக்கு என் வாசல்ல. இன்னைக்கு படிக்கட்டுலயா? ஒவ்வொரு மாடியா ஏறி வர்றியாம்மா?"

பெயர் மட்டும் செயலாளர். ஆளர் இருக்கிறார், செயலைத்தான் காணோம்.

அப்பாவிடம் சொன்னால் அவரும் சிரித்தார். "வாலு, நீ வரைஞ்ச பேய்க்கு நீயே பயந்தா எப்படி?"

நான் வரையலப்பா. நான் வரையவே இல்ல. எத்தன தடவ சொல்றது.

ஜூன் 14, சனி

எங்கேயாவது கதவு அறைந்தால் எழுந்து நிற்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

எங்கள் வாசல் கதவு சாத்த வரவில்லை, மேலே இடிக்கிறது. மழை ஈரத்தில் மரம் ஊதியிருக்கும் என்று அப்பா தோளால் முட்டிச் சாத்தினார். மழையா? கடைசியாக எப்போது பெய்தது?

ஜூன் 17, செவ்வாய்

பட்டர் பேப்பர் குறைவதை அம்மா கண்டுபிடித்துவிட்டாள். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். வழக்கமாக எதிர்ப்பாட்டு பாடுவேன். இன்று அழுகை வந்துவிட்டது. மூன்று வாத்தையும் எடுத்து அவள் முன் போட்டேன்.

திட்டுவதை நிறுத்திவிட்டு, மூன்றையும் புள்ளிமேல் புள்ளி வைத்து ஜன்னல் கண்ணாடியில் பிடித்துப் பார்த்தாள். மூன்று கழுத்தும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. மூக்கு மூன்றும் மூன்று இடத்தில். வாத்து குவாக் என்று சொல்ல வாயெடுப்பது போல.

"புள்ளி நகரல. அப்ப நீயும் நகரலடி" என்றாள்.

என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். சுவரில் தானே ஒரு தடவை இறக்கிப் பார்த்தாள். வாய் இன்னும் அகலம். நேரே செகரட்டரி மாமா வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.

"என் பொண்ணு வரைஞ்ச விரிசல்னா தொடைச்சா போயிடும். வந்து தொடைச்சுப் பாருங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். கட்டைவிரலால் தேய்த்தார். போகவில்லை. சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது. இன்னொரு முறை தேய்த்தார். விரல் நகம் வரை உள்ளே போயிற்று.

அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. தள்ளுவண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் அதைத்தான் பார்த்திருக்க வேண்டும். குனிந்து, குழந்தை விழிக்காமல் வண்டியோடு தூக்கிக்கொண்டு கீழே போனார்.

ஜூன் 18, புதன்

செகரட்டரி மாமா வரவழைத்த பொறியாளர் வந்தார். என் வாத்துகளை வாங்கி, தேதிகளைக் கேட்டு, நெடுநேரம் சுவரோடு ஒட்டி நின்றார். எதற்கு டை கட்டியிருக்கிறது என்று மட்டும் கேட்டார்.

இன்றைக்கே எல்லோரும் கிளம்ப வேண்டும் என்றார்.

அப்பா டிவியைத் தூக்கினார், அம்மா தையல் மெஷினை. நான் என் படங்கள் இருக்கும் ஃபைலை. ஒவ்வொரு படியாக, சுவர் பக்கம் சாயாமல் இறங்கினோம்.

ஜூன் 21, சனி

சித்தி வீடு. ஒரே அறையில் எல்லோரும். செகரட்டரி மாமா அப்பாவுக்கு ஃபோன் செய்தார். இரண்டாம் மாடிப் படிக்கட்டு நேற்று இடிந்து இறங்கிவிட்டதாம், ஜன்னலோடு. உள்ளே யாரும் இல்லை.

அப்பா ஃபோனை வைத்துவிட்டு என் தலைமேல் கை வைத்தார். ஒரு ஜோக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதுதான் ரொம்பப் பயமாக இருந்தது.

ஜூலை 6, ஞாயிறு

வாடகைக்கு வீடு பார்க்கப் போனோம். வீட்டுக்காரர் சாவியை நீட்டினார். அப்பா வாங்கவில்லை.

"ஒரு நிமிஷம் சார். வாலு, நீ பாத்துச் சொல்லு."

வீட்டுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. அறை அறையாகப் போனேன். பின்னறை மூலையில், மேலே, மயிரிழை போல ஒரு கோடு. ஸ்டூல் போட்டு ஏறி, கிட்டே போய் ஊதினேன். அசைந்தது. சிலந்தி நூல்.

அப்பா வாசலில் அப்படியே நின்றிருந்தார். ஒன்றுமில்லை என்ற பிறகுதான் சாவிக்குக் கை நீட்டினார்.

குளியலறையில் மட்டும் ஒரு ஈரக்கறை இருக்கிறது. முயல். சப்பிப் போட்ட மாங்கொட்டை மாதிரி முகம், ஆனால் காது இரண்டும் அருமை. அம்மா தானாகவே ஒரு பட்டர் பேப்பர் கிழித்துக் கொடுத்தாள். இறக்கினேன், இரண்டு புள்ளியும் வைத்தேன், தேதியும் போட்டேன்.

முயலுக்குத் தொப்பி இன்னும் வரையவில்லை. காது வளர்கிறதா என்று கொஞ்ச நாள் பார்க்கலாம்.