முகத்தில் ஏறிய சதை

சின்னவளின் அம்மாவுக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் இருக்கிறேன்.

போன வாரம் அனுப்பிய போட்டோவைத் தெருவெல்லாம் காட்டி, "எம்புள்ள நல்லா சதை போட்டிருக்கான்" என்று அம்மா பூரித்துப்போகிறாளாமே. எனக்குச் சிரிப்பு வந்தது. அது சோற்றுச் சதை இல்லை, மாத்திரை கொடுத்த வீக்கம். குடலில் புண்ணாம். டாக்டர் சொன்னதை என் அறையில் இருக்கும் வெல்டர் அண்ணன்தான் நம் பாஷையில் சொன்னார்.

"மாத்திரை போட்டா ரத்தம் போறது நிக்கும். ஆனா மூஞ்சி வீங்கும், கை நடுங்கும். போடலைன்னா புண்ணு பெருசாகும். நீயா நடுவுல நிறுத்தவும் கூடாதாம்."

"வேற மருந்தே இல்லையான்னு கேளுங்கண்ணே."

"இருக்காம்பா. நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இல்லையாம்."

என் வேலைதான் உனக்குத் தெரியுமே. கட்டடத்துக்கு வெளியே கூண்டில் தொங்கிக்கொண்டு கண்ணாடி பொருத்த வேண்டும். கை நடுங்கினால் கண்ணாடி தங்காது. மாத்திரையை விட்டாலோ, கழிப்பறைக்கு ஓடியபடி இருக்க வேண்டும். எனக்காகக் கூண்டை யார் இறக்குவார்கள்? அதனால் மேலே ஏறும் நாட்களில் மாத்திரையும் இல்லை, சாப்பாடும் இல்லை. பசியில் நடுக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

நாடா வைத்த கால்சட்டை இரண்டு தைத்து, இங்கே வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்பு. கறுப்புத் துணியாக இருக்கட்டும், கறை தெரியாது.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. அடுத்த போட்டோவில் நான் இளைத்திருந்தால் அம்மாவிடம் காட்டாதே. அவளுக்குப் பிடித்த இந்த முகத்தையே பெரிதாக்கிச் சுவரில் மாட்டிவிடு.