இரவல் கோல்கீப்பர்

ஜூலை 27, ஞாயிறு

அரையிறுதியில் 3–0. வென்றோம் என்று எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. நெடுவில் இந்துக் கல்லூரி பழைய மாணவர் உதைபந்தாட்ட அணியில் ஒன்பது வருடமாக நான் இரண்டாவது கோல்கீப்பர். இன்றும் கோட்டுக்கு வெளியே ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கத்தியதுதான் என் பங்கு. உள்ளே நின்றவன் பிரதீப்குமார். வயது இருபத்து நாலு, உயரம் ஆறடி மூன்று. என்ன செய்ய?

அடுத்த ஞாயிறு கப் இறுதிப் போட்டி, கரைமுனை மத்திய கல்லூரியோடு. இந்த வருட லீக் பட்டியலில் அவர்கள் முதலிடம், நாங்கள் இரண்டாமிடம். யாழ்ப்பாணத்தில் தொடங்கிய சண்டை, விசா எடுத்துச் சிட்னிக்கும் வந்துவிட்டது.

வீட்டிலும் சமாதானம் இல்லை. மனைவி சிவாஜினி கரைமுனையில் படித்தவள். அவளுடைய அண்ணன் யோகேஸ்வரன்தான் அந்த அணியின் மனேஜர். "கப் எங்களுக்குத்தான். நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ" என்றாள்.

ஜூலை 30, புதன்

யோகேஸ்வரன் எனக்குப் போன் எடுத்தார். அவர்களுடைய கோல்கீப்பர் வேலையிடத்தில் ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டதாம். இரண்டாவது கோல்கீப்பர் கல்யாணவீட்டுக்குக் கனடா போய்விட்டார்.

"எதிர் ரீம் ஓமெண்டால் வெளியாலை ஒராளை எடுக்கலாம். எல்லாரிட்டையும் கேட்டுப் பாத்திட்டன். சுபாங்கன், நீர் வாறீரோ?"

நான்? கரைமுனைக்கு? யோசிச்சுச் சொல்றன் என்றேன். குசினியில் சிவாஜினி சத்தமே போடாமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் அப்படிக் கழுவுகிறவள் இல்லை.

ஜூலை 31, வியாழன்

கிரவீனில் பயிற்சி. கப்டன் சஞ்சீவிடம் சொன்னேன்.

"கோல்கீப்பர் இல்லாத ரீமை அடிச்சுக் கப் தூக்கினால் அதென்ன வெற்றி? போய் நில்லு மச்சான்" என்றான் சஞ்சீவ்.

எவ்வளவு பெரிய மனசு! கண் கலங்கிவிட்டது. பையை எடுக்க உடுப்பு மாற்றும் அறைப் பக்கம் போனபோதுதான், அவன் பிரதீப்பிடம் சொன்னது காதில் விழுந்தது.

"சுபாங்கன் நிண்டால் நாலு கோல் நிச்சயமடா."

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

நேரே வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. ஹோம்புஷில் இறங்கி ஒரு மசாலாத் தோசை சாப்பிட்டேன். இன்னொன்றும் சாப்பிட்டேன். பிறகு யோகேஸ்வரனுக்கு ஒரே சொல் அனுப்பினேன்: வாறன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கரைமுனையின் மஞ்சள் ஜேர்சி வயிற்றில் இறுகுகிறது. சிவாஜினி அதைப் படமெடுத்துத் தன் குடும்பக் குழுவில் போட்டுவிட்டாள். பதினேழு இதயம் வந்திருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

விரல்களுக்கு ஐஸ் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

முதல் பத்து நிமிடம் எங்கள் ஆட்கள் — எங்கள் ஆட்களா? சரி, நெடுவில் — தூரத்திலிருந்தே அடித்துப் பார்த்தார்கள், எப்படியும் விடுவான் என்று. ஒன்று நெஞ்சில் பட்டது, ஒன்று முழங்காலில். ஒன்றை உண்மையாகவே பாய்ந்து பிடித்தேன். கரைமுனைப் பக்கத்து அன்ரி ஒருவர், "ஆரப்பா இந்தப் பிள்ளை?" என்று கேட்டது எனக்கே கேட்டது. பிள்ளைக்கு முப்பத்தொன்பது வயது.

இடைவேளைக்குப் பிறகு கரைமுனை ஒரு கோல் போட்டது. முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது நெடுவிலுக்குப் பெனால்ட்டி கிடைத்தது. பந்தை வைத்தவன் சஞ்சீவ்.

ஒன்பது வருடம், பயிற்சி முடிந்ததும் அவன் பெனால்ட்டி அடித்துப் பழக நின்றவன் நான்தான். முதல் கோல்கீப்பரைக் களைக்க விடக்கூடாது அல்லவா? ஓடி வருமுன் சஞ்சீவ் மூக்கைத் தேய்த்தால் பந்து என் இடப்பக்கம் வரும். அது அவனுக்கே தெரியாது.

தேய்த்தான்.

இடப்பக்கம் விழுந்தேன். பந்து இரண்டு கையிலும் அடித்து வெளியே போனது. "மன்னிச்சுக்கொள்ளு மச்சான்" என்று வாய்வரை வந்துவிட்டது!

1–0. யோகேஸ்வரன் என்னைத் தூக்கப் பார்த்துத் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். நெடுவில் பக்கத்திலிருந்து ஒருவரும் கை கொடுக்க வரவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

நெடுவில் வாட்ஸ்அப் குழுவில் இன்று காலை வணக்கம்கூட இல்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பின்னேரம் சஞ்சீவ் வீட்டுக்கு வந்தான். கையில் ஹரிஸ் பார்க் கடை இனிப்புப் பெட்டி. கதிரையின் நுனியில் இருந்துகொண்டு பெட்டியை என் பக்கம் தள்ளினான்.

"உண்மையைச் சொல்லட்டே? நீ கோலை விடுவாய் எண்டு நினைச்சுத்தான் ஓமெண்டனான்."

"தெரியும். நீ பிரதீப்பிட்டைச் சொன்னது கேட்டது."

அவன் முகம் போன போக்கு! எனக்கு ஒரு நாள் முழுக்கத் திட்ட வேண்டும் போலிருந்தது. ஆனால் சிரிப்புத்தான் வந்தது. நான் சிரித்ததும் அவனும் சிரித்தான்.

"வாற ஞாயிறு லீக் மட்ச். நீதான் தொடங்கிறாய். பிரதீப்புக்குக் கோவம்தான், நான் கதைக்கிறன். அது சரி, நான் எந்தப் பக்கம் அடிப்பன் எண்டு எப்பிடித் தெரியும்?"

"சொல்லமாட்டன்."

"என்னோடைதானே இனி விளையாடப் போறாய்!"

"அண்ணாவின்ரை ரீம் அடுத்த வருசமும் கூப்பிடலாம்" என்றாள் சிவாஜினி, லட்டு ஒன்றை எடுத்தபடி.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மழை. மூன்று கோல் வாங்கினேன், அதில் இரண்டு என் பிழை. தோற்றோம். கடைசி விசில் வரை உள்ளேதான் நின்றேன். சேறு காதுக்குள்ளும் போயிருக்கிறது. இரண்டாம் முறை குளித்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.