பளிங்குச் சக்களத்தி

எந்தக் கூட்டத்தில் நின்று "ஏனுங்க" என்று கூப்பிட்டாலும் என் குரலை மட்டும் கண்டுபிடித்துத் திரும்பிப் பார்க்கிற என் வீட்டுக்காரருக்கு,

நீங்கள் போன பிறகு வருகிற முதல் கல்லறைத் திருநாள் இது. உங்களுக்கு ஊர்ச் சேதி சொல்ல வேண்டும், சண்டையும் போட வேண்டும். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும். நம் வீட்டுச் சண்டை இந்தப் பங்குக் கோயிலில் யாருக்குத் தெரியாது?

சண்டை அகதா மெரிடனைப் பற்றித்தான். வேறு யாரைப் பற்றி இருக்கப் போகிறது? நம் கல்லறைத் தோட்டத்தில், வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் இளம் மனைவியுடைய சமாதி மேல் சிறகு வைத்த ஒரு பளிங்குச் சம்மனசு உட்கார்ந்திருக்கிறதே, அதைச் செதுக்கியவள். விக்டோரியா மகாராணி காலத்துச் சிற்பி. செத்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் நாம் சாப்பிட உட்காரும்போது அவளும் கூட வந்து உட்காராத நாள் உண்டா?

காலையில் கிளம்பி வெண்ணந்தூர், ஆட்டையாம்பட்டி என்று தறி தறியாக ஏறி இறங்குவீர்கள். சேலை வியாபாரத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் "நடந்துச்சு" என்று ஒரு வார்த்தை. கை கழுவிவிட்டு இலை முன்னால் உட்கார்ந்ததும் முகமே மாறிவிடும். "இன்னைக்கு அகதாவைப் பத்தி ஒண்ணு தெரிஞ்சுது, பிலோமி" என்பீர்கள். எந்தப் பழைய புத்தகத்தில் தேடிப் பிடிப்பீர்களோ, என்னவோ அவள் அடுத்த தெருவில் குடியிருக்கிற மாதிரி.

கேட்கப் பிடிக்காமல் கேட்டுக் கேட்டே அவள் கதை முழுக்க எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. இங்கிலாந்தில், பாதிரியார்கள் கல்யாணம் செய்துகொள்கிற சபையில், கிராமத்துப் பாதிரியார் ஒருவரின் மகள். கோயில் மதில் கட்ட வந்த கல்லில் மீந்ததை எடுத்துக் கோழியும் பூனையும் செதுக்கியவள். உயிருள்ள ஆளை நிறுத்தி உடம்பை வரையச் சொல்லித் தரும் வகுப்பில் பெண்களைச் சேர்க்க மாட்டோம் என்று சொன்னார்களாம். அவள் நேராகக் கசாப்புக் கடைக்குப் போய், எந்த எலும்பு எங்கே சேருகிறது, எந்த நரம்பு எதை இழுக்கிறது என்று நின்று பார்த்துக் கற்றுக்கொண்டாளாம். நான் ஆட்டுக்கால் குழம்பு வைத்த அன்று எலும்பைக் கையில் பிடித்துக்கொண்டு இதைச் சொன்னீர்கள். குழம்பு எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை சொன்னீர்களா?

பிறகு ரோமாபுரிக்குப் போனாள். இவளுக்கு எங்கே இந்தக் கைவேலை வரும், கூலிக்கு ஆள் வைத்துச் செதுக்கித் தன் பெயரைப் போட்டுக்கொள்கிறாள் என்று பத்திரிகையில் எழுதினார்கள். எழுதியவர்களைப் பட்டறைக்கே வரவழைத்து, எதிரே உட்கார வைத்து, வெறும் கல்லில் ஒரு குழந்தையின் காதைச் செதுக்கிக் காட்டினாள். அந்தக் காதைப் பற்றிச் சொல்லும்போது உங்கள் கண்ணில் தெரிந்த பெருமை இருக்கிறதே, நம் மகன் காலேஜில் முதல் வகுப்பில் தேறியபோதுகூட நான் அதைப் பார்க்கவில்லை.

கடைசிக் காலத்தில் அவள் விரல்கள் மடங்கிப்போய் உளியைப் பிடிக்க முடியவில்லை. வாடகை அறையில் தனியாகச் செத்தாள். ஊருக்கெல்லாம் சமாதிச் சிலை செய்தவளின் சமாதியில் ஒரு சிலை இல்லை என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். என் அப்பா செத்தபோது நீங்கள் கண் கலங்கவில்லை. பந்தலுக்கு ஆள் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தீர்கள்.

அவள் சேலத்தை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. சிலை மட்டும் கப்பலில் மதராசுக்கு வந்து, ரயிலேறி, மாட்டு வண்டியில் இங்கே வந்து சேர்ந்தது. வராதவளுக்கு இத்தனை மரியாதை. வெண்ணந்தூரிலிருந்து வாழ வந்தவளுக்கு என்ன கிடைத்தது?

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன், அந்தக் குதிகாலைத்தான் பொறுக்க முடியவில்லை. சிறகை மடக்கிக்கொண்டு களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிற அந்தச் சம்மனசின் இடது காலில் பித்தவெடிப்பைச் செதுக்கி வைத்திருக்கிறாள். வருகிறவர்களை எல்லாம் மண்டி போட வைத்து அதைக் காட்டுவீர்கள். எனக்கும் காட்டினீர்கள். "பறக்கறவளுக்கு எதுக்கு பிலோமி வெடிப்பு? அந்தப் பொண்ணு சாவறதுக்குள்ள வந்து சேரோணும்னு நடந்தே வந்திருக்கறா" என்றீர்கள்.

என் இரண்டு குதிகாலும் தறி மிதித்த நாளிலிருந்து வெடித்துத்தான் கிடக்கின்றன. குளிர்காலத்தில் ரத்தம் கசியும். உங்கள் எதிரிலேயே உட்கார்ந்து விளக்கெண்ணெய் தடவுவேன். ஒரு நாளாவது குனிந்து பார்த்தீர்களா? பொறாமைதான். கல்லைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஒரே பொம்பளை இந்த ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன்.

இப்போது சேதிக்கு வருகிறேன். போன மாதம் பங்குப் பேரவைத் தலைவர் சேவியர் அண்ணன் வீட்டுக்கு வந்தார். தோட்டத்துக் கதவுக்கும் பெரிய சிலுவைக்கும் பெயிண்ட் அடிக்கிறார்களாம். அப்படியே அந்தச் சம்மனசுக்கும் அடித்துவிடலாம் என்று பேச்சு.

"அம்மிணி, மாப்ள இருந்த வரைக்கும் அந்தச் செலைகிட்ட ஆரையும் அண்ட உடல. இப்ப அவராட்டத் தொடைக்க ஆளில்லாம மழையில கெடந்து கருத்துப் போச்சுங்க. றெக்கைக்குத் தங்கக் கலரு, துணிக்கு நீலம். நீங்க ஒரு வார்த்தை செரின்னு சொன்னாப் போதும்" என்றார்.

வருடா வருடம் இதற்காக நீங்கள் பேரவையில் கத்திவிட்டு வருவது எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னேன். "தாராளமா அடிங்கண்ணா. ஒதட்டுக்கு நல்ல செவப்பா அடிச்சு உடுங்க."

அவர் போனதும் எனக்குள் அப்படி ஒரு குளிர்ச்சி. உங்கள் அகதா திருவிழாத் தேர்ப் பொம்மை மாதிரி ஆகப் போகிறாள், அதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று மறுநாள் காலையிலேயே கிளம்பிப் போனேன். உங்கள் கல்லறைக்குக்கூட முதலில் வரவில்லை, நேராக அவளிடம்தான் போனேன்.

பெயிண்டர் முருகேசன் சிலையைத் தேய்த்துக் கழுவிவிட்டுக் கீழே குந்தியிருந்தான். கையில் தகடு, தகட்டில் பட்டி.

"அக்கா, செலை நல்லாத்தான் இருக்குதுங்க. இந்தக் குதியங்கால் மட்டும் வெடிச்சுக் கெடக்குது. பட்டி வெச்சு அடைச்சு, மழமழன்னு பண்ணிப்போடறேன் பாருங்க" என்றான். சொல்லிக்கொண்டே முதல் வெடிப்பில் வைத்து அழுத்திவிட்டான்.

"எடுடா கைய!"

என் குரல்தான் அது. அவன் தகட்டைக் கீழே போட்டுவிட்டான்.

"அது ஒடஞ்சதில்ல சாமி. அவ செதுக்குனது. வழிச்செடு, காயறதுக்குள்ள வழிச்செடு."

"ஆருங்கக்கா செதுக்குனது?" என்று கேட்டுக்கொண்டே துணியால் பட்டியை வழித்தெடுத்தான்.

சொன்னேன். பாதிரியார் மகள், கசாப்புக் கடை, ரோமாபுரி, குழந்தையின் காது என்று ஒன்று விடாமல் சொன்னேன். நடுநடுவே அவளைத் திட்டவும் செய்தேன். சத்தம் கேட்டுச் சேவியர் அண்ணன் வந்துவிட்டார்.

"ஏனம்மிணி, நேத்து அடிங்கன்னு சொன்னீங்க. இப்ப அவளப் பாராட்டறீங்களா, வையறீங்களா? ஒண்ணும் வெளங்கலியே."

"வையறேன் அண்ணா. நான் வைவேன். அதுக்காக வேற ஆரும் அவ மேல கை வெக்கப்படாது."

ஏன் தடுத்தேன் என்று நீங்கள் கேட்பீர்கள். முருகேசன் அந்தக் காலைப் பிடித்தபோதுதான் நானும் அதை நிதானமாகப் பார்த்தேன். யாரோ ஒருத்தியின் பாதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து, நேரமெடுத்துப் பார்க்காமல் அப்படிச் செதுக்க முடியாது. எவளோ துணி துவைக்கிறவளாக இருக்கலாம், தண்ணீர் சுமக்கிறவளாக இருக்கலாம். அவள் காலை அகதா குனிந்து பார்த்திருக்கிறாள். நீங்கள் என் காலைப் பார்க்காததற்கு அவள் என்ன செய்வாள்?

உடனே என் பொறாமை போய்விட்டது என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். இன்னும் கூடியிருக்கிறது. மோசமானவளாக இருந்தால் அலட்சியமாக விட்டிருப்பேன். இவள் கெட்டிக்காரி. உங்களுக்கு அவளைப் பிடித்ததில் நியாயம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு வயிறு இன்னும்தான் எரிகிறது.

சேவியர் அண்ணன் தலையைச் சொறிந்தார். "செரி, பெயிண்ட் வேண்டாம். ஆனா பாசி புடிக்காம ஆரு பாத்துக்கறது?"

"நான் பாத்துக்கறேன். ஆனா எனக்கு ஒண்ணு வேணும்."

"என்னங்க அம்மிணி?"

நீங்கள் கேட்டுக்கொண்டபடி உங்களை அவள் பக்கத்தில்தான் அடக்கம் செய்திருக்கிறோம். அன்று அழுத அழுகையில் நான் எதையும் கவனிக்கவில்லை. இப்போதுதான் பார்த்தேன். அவள் பீடத்துக்கும் உங்கள் கல்லறைக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கும் இடம் காலியாக இருக்கிறது.

"அந்த எடம் எனக்கு" என்றேன்.

"அதுக்கு என்னங்க இப்ப அவசரம்?" என்று சிரித்தார்.

"அவசரமில்லீங்க. வேற ஆருக்கும் குடுத்துறாதீங்க, அவ்வளவுதான்."

அடுத்த பேரவைக் கூட்டத்தில் சம்மதம் கொடுத்துவிட்டார்கள். ஆகவே, உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். சனிக்கிழமை தோறும் வருவேன். நீங்கள் செய்த மாதிரியே சோப்பு போடாமல், பழைய பருத்தித் துணியால் அவளைத் துடைத்துவிடுவேன். அந்த வெடிப்புகளில் அழுக்குச் சேர விட மாட்டேன். அதுவரை நீங்கள் இருவரும் எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக்கொள்ளுங்கள். நான் வந்து நடுவில் படுத்த பிறகு, அவளிடம் எது சொல்வதானாலும் என்னைத் தாண்டித்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டுக்காரி,
பிலோமினா