ஓடிவிடுவான் என்றார்கள்

கென்ட் சிறை, பெல்ஜியம், அக்டோபர் 4

அன்புள்ள தைவா,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே ரொட்டி பஞ்சு மாதிரி இருக்கிறது; எவ்வளவு தின்றாலும் பசி அடங்குவதில்லை.

திருட்டுச் செம்புக்கம்பியை என் லாரியில் ஏற்றிய கிடங்குக்காரன் யோரிஸை ஜாமீனில் விட்டுவிட்டார்கள். அவனுக்கு வீடு இந்த ஊரிலேயே இருக்கிறதாம். என் வீடு லித்துவேனியாவில். "இவன் ஓடிடுவான்" என்றார் அரசு வழக்கறிஞர். என்னை உள்ளே வைத்துவிட்டார்கள்.

வக்கீலம்மா ஒரு வழி சொல்கிறார். விசாரணை வரை நான் நம் வீட்டிலேயே இருக்கலாமாம். இங்குள்ள நீதிபதியின் உத்தரவை நம்மூர் நீதிமன்றம் தன் உத்தரவாகவே ஏற்றுக்கொள்ளும். வாராவாரம் நம்மூர்க் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு என் சம்மதம் வேண்டுமாம். முடியாது என்று சொல்லிவிட்டேன். திருடாதவன் எதற்கு ஊர் பார்க்கக் காவல் நிலையப் படி ஏற வேண்டும்? வந்தால் விடுதலையாகித்தான் வருவேன்.

உன்,
ரிமாண்டஸ்

பனேவெஜிஸ், லித்துவேனியா, அக்டோபர் 15

என் வீம்புக்காரக் கணவருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த கோபத்தில் அடுப்பிலிருந்த சூப் அடிப்பிடித்துவிட்டது.

நீங்கள் கம்பி எண்ணுவது ஊருக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? பக்கத்து வீட்டு ஓனே நேற்று வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னடி, உன் வீட்டுக்காரருக்கு பெல்ஜியம் அவ்வளவு பிடிச்சுப்போச்சா?" என்றாள். "சாக்லேட் வாங்க வரிசையில நிக்கிறாருக்கா" என்றேன். உள்ளே வந்து அழுதேன்.

அங்கே உங்களை யாரும் நம்பவில்லை. நம்மூர் நீதிமன்றம் உங்களுக்குப் பொறுப்பேற்கும் என்கிறார்கள். அதை வேண்டாம் என்று தள்ளினால் யாருக்கு லாபம்? சம்மதியுங்கள். வாராவாரம் நானும் கூட வருகிறேன். நடுத்தெரு வழியாகவே போவோம், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். நீங்கள் இல்லாமல் இந்த வீடு எனக்குப் பிடிக்கவில்லை.

உங்கள்,
தைவா

கென்ட், மார்ச் 12

அன்பும் அதிகாரமும் நிறைந்த தைவாவுக்கு,

போனில் நீ அழுத அழுகையில் நான் சொன்னதில் பாதிதான் உன் காதில் விழுந்திருக்கும். மீதியை எழுதுகிறேன்.

போன வாரம் விசாரணைக்கு நம் வீட்டிலிருந்து நானாகப் பேருந்து ஏறி வந்து, முன்வாசல் வழியாக நீதிமன்றத்துக்குள் போனேன் அல்லவா? நீதிபதி இரண்டு பேரைக் கூப்பிட்டார். நான் எழுந்தேன். யோரிஸ் எழவில்லை. இந்த ஊரிலேயே வீடு வைத்திருந்தவன் ஆளையே காணோம்! அரசு வழக்கறிஞர் என்னையும் காலி நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார்.

இன்று தீர்ப்பு. கிடங்கில் லாரிக் கதவுக்கு வைத்த முத்திரை உடையாமல் இருந்ததால், உள்ளே என்ன இருந்தது என்று ஓட்டுநருக்குத் தெரிய வழியே இல்லை என்று என்னை விடுதலை செய்தார்கள். வெளியே அரசு வழக்கறிஞர் வந்து கை கொடுத்தார்.

"நீங்க திரும்பி வருவீங்கன்னு நான் நினைக்கவே இல்லை."

"வராம எங்க போறது? எங்க ஊர் போலீஸுக்கு முன்னாடி என் பொண்டாட்டியே பிடிச்சு இழுத்துட்டு வந்திருப்பா" என்றேன். மொழிபெயர்ப்பாளர் சிரித்து முடித்த பிறகுதான் அவருக்குச் சொன்னார்.

உன் பேச்சைக் கேட்காமல் இருந்திருந்தால் இந்தத் தீர்ப்பைக் கைதியாக நின்று கேட்டிருப்பேன். என் காலால் நடந்து வந்து கேட்டதில்தான் என் மானம் முழுசாகத் திரும்பக் கிடைத்தது. நீ ஜெயித்துவிட்டாய், தைவா. நாளை பேருந்து ஏறுகிறேன்.

உன்,
ரிமாண்டஸ்